அண்ணனுக்குப் பாடாத இளைப்பாற்றி

உங்கள் பெரியப்பாவுக்கும் எனக்கும் ஒரே குரல். ஃபோனை எடுத்தால் உங்கள் அம்மாவுக்கே சட்டென்று பிடிபடாது. "எந்தப் பானை பேசுது? பெரிய பானையா, சின்னப் பானையா?" என்று கேட்பாள். அந்தப் பானைக் குரல்தான் எங்கள் இரண்டு பேரையும் மாதா கோயில் பாட்டுக் குழுவில், அதாவது கோயரில், பேஸ் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் போனபோது நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். இப்போது கேட்கிறீர்கள், அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயரில் நான்கு குரல் உண்டு. பெண்களில் மேலே பாடுகிறவர்களுக்கு மெட்டு. மற்றப் பெண்களும், உயர்ந்த குரல் உள்ள ஆண்களும் நடுவில் வருவார்கள். எல்லாருக்கும் அடியில் நாங்கள், பேஸ். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி என்று எங்களைப் புகழ்வார்கள். அஸ்திவாரத்தை யாரும் பார்க்க வருவதில்லை. பாட்டில் முக்கால்வாசி நேரம் எங்களுக்கு இரண்டு மூன்று சுரங்கள்தான். நான் வீட்டில் பயிற்சி செய்தால் உங்கள் அம்மா, "கிரைண்டர அணைச்சிட்டு சாப்பிட வாங்க" என்பாள்.

அண்ணன் பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அங்கேயே குவார்ட்டர்ஸ். எனக்கு ஸ்ரீரங்கத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. பெருமாளையும் தாயாரையும் கண்ணாடி போட்டு விற்கிற கிறிஸ்தவன், வேதக்காரன் என்று தெருவில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஞாயிறும் புதனும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய் பஸ் மாறி, பொன்மலைக்குப் பாடப் போவேன். அண்ணன் எனக்காகக் கோயில் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் கோயரில் ஒரு வழக்கம் இருந்தது. கோயர் ஆள் யாராவது செத்தால், மிச்சம் எல்லாரும் வந்து, குழிக்குப் பக்கத்தில் நின்று நான்கு குரலிலும் பாடி அனுப்ப வேண்டும். மழையாக இருந்தாலும் சரி, வேலை நாளாக இருந்தாலும் சரி. யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கம் இல்லை. அண்ணன் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நடுக்குரல் பாடுகிற ஒரு அக்காவின் அப்பா, பழைய கோயர்காரர், அவர் அடக்கத்தன்று கொட்டுகிற மழை. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு அண்ணன் பாடினார். செருப்பு சேற்றோடு போய்விட்டது. வெறுங்காலோடு ஷிஃப்டுக்குப் போனார்.

அண்ணன் இறந்த வருடம் எங்கள் கோயருக்குப் புதிதாக ஒரு மாஸ்டர் வந்தார். சென்னையில் முறையாகச் சங்கீதம் படித்தவர், என்னைவிட வயதில் சிறியவர். நல்ல ஞானம். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒருவர், செத்தவர்களுக்கான பூசைப் பாட்டு முழுவதையும் பெரிய இசையாக எழுதி வைத்திருக்கிறார். ஆன்ம இளைப்பாற்றிப் பூசை என்று நாம் சொல்கிறோமே, அதுதான். திருச்சியில் அதை முழுசாகப் பாடிக் காட்ட வேண்டும் என்பது மாஸ்டரின் ஆசை. நான்கைந்து கோயில் பங்குகளில் இருந்து ஆட்களைச் சேர்த்தார். மற்றக் குரல்களுக்குப் போட்டி. பேஸுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அண்ணனோடு சேர்த்து மொத்தமே ஐந்து பேர்.

பாட்டு லத்தீனில். எங்களுக்குத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். தமிழில் ப என்று எழுதினால் எந்த ப என்று நமக்குத் தெரியும். லத்தீன் சொல்லில் எப்படித் தெரியும்? முதல் வாரம் பாதிப் பேர் ஒரு மாதிரியும் பாதிப் பேர் வேறு மாதிரியும் பாடினோம். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்து கேட்டார்:

"மாஸ்டர், இது பம்பரத்துல வர்ற மொதல் ப-வா, ரெண்டாவது ப-வா?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். மாஸ்டரும் சிரித்தார். அதற்கப்புறம் அவரே, "பேஸ், அங்க ரெண்டாவது ப!" என்று கத்த ஆரம்பித்தார். கடைசிவரைக்கும் அப்படித்தான் எங்களுக்கு லத்தீன் வந்தது.

போஸ்டர் கதையையும் சொல்ல வேண்டும். பாலக்கரையில் ஒரு அச்சகத்தில் கொடுத்தார்கள். அந்த ஐரோப்பியரின் தாடி வைத்த படம், பிறந்த வருடம், இறந்த வருடம், 'இளைப்பாற்றி இசை மாலை' என்று ஒரு வரி. அச்சகத்துக்காரர் பார்த்தார். படம் இருக்கிறது, இறந்த வருடம் இருக்கிறது, மாலையும் இருக்கிறது. தினமும் செய்கிற வேலைதானே என்று, கறுப்பு பார்டர் போட்டு, இரண்டு மூலையிலும் புறாவை வைத்து, படத்துக்கு இந்தப் பக்கம் 'தோற்றம்', அந்தப் பக்கம் 'மறைவு' என்று அடித்துக் கொடுத்துவிட்டார். கண்ணீர் அஞ்சலி என்று ஒன்றுதான் பாக்கி. திருப்பி அடிக்கக் காசில்லாமல் அதையே ஊரெல்லாம் ஒட்டினார்கள். பொன்மலை டீக்கடையில் ஒருவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டாராம்.

"யாருங்க பெரியவரு? எந்தக் குவார்ட்டர்ஸ்? அடக்கம் எப்பங்க?"

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு. ஆனா டிக்கெட் உண்டு" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

இதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்தார். ஸ்ரீரங்கத்தில் நமக்கு முன் போர்ஷனில் இருந்த வீட்டுக்கார மாமிக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தினமும் பின்கட்டில் முனகுவதைக் கேட்டுவிட்டு, ஒருநாள் நிறுத்திக் கேட்டார்.

"ஏம்ப்பா, என்ன பாட்டு இது?"

"செத்தவங்களுக்குப் பாடுறது மாமி."

"எந்தச் செத்தவாளுக்கு?"

"யாருக்குன்னு இல்ல. கச்சேரி."

"ஆளே இல்லாம யாராவது தர்ப்பணம் பண்ணுவாளோ? நன்னாருக்கே."

அண்ணனிடம் சொன்னேன். "ஆளு இருக்காருன்னு சொல்லுடா. போஸ்டரே ஒட்டியிருக்கோம்ல" என்றார்.

கச்சேரிக்கு முந்தின வாரம் அண்ணன் காலை ஷிஃப்டுக்குப் போய், சைக்கிளை நிறுத்திவிட்டு, ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். எனக்கு ஃபோன் வந்தபோது ஸ்ரீரங்கத்தில் மார்கழித் திருவிழாக் கூட்டம். ஆட்டோ நகரவில்லை. இறங்கி ஓடினேன். பாலத்தருகே பைக்கில் போன ஒருவர் ஏற்றிக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அழுகை, ஆள் அனுப்புவது, பெட்டி சொல்வது, குழி சொல்வது எல்லாம் ஆன பிறகு சாயங்காலம் மாஸ்டருக்குப் பேசினேன். மற்ற எல்லாவற்றையும் காசு கொடுத்து ஏற்பாடு செய்துவிட்டேன். இது ஒன்றுதான் காசு கொடுத்து ஆகாத காரியம்.

"கேள்விப்பட்டேண்ணே. கையும் ஓடல காலும் ஓடல" என்றார்.

"நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம் மாஸ்டர். கோயர் வந்துரும்ல?"

மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். "நாளைக்குத்தான சென்னைல இருந்து வயலின்காரங்க வர்றாங்க. மத்தியானத்துலேந்து அவங்களோட சேந்து பாடிப் பாக்கணும். கச்சேரிக்கு முன்னாடி அவங்களுக்கு அந்த ஒரு நாள்தாண்ணே."

"ஒரே ஒரு பாட்டு. நம்ம கச்சேரியோட கடைசிப் பாட்டு மட்டும் போதும். பாடிட்டு ஓடிருங்க."

"கல்லறைத் தோட்டத்துல, வெயில்ல, அந்தப் புழுதியில பாடிட்டு வந்தா பொண்ணுங்க தொண்டை என்னத்துக்கு ஆவும்? நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணு பண்றேன். கச்சேரியவே அண்ணனுக்கு டெடிகேட் பண்ணிடுவோம். மேடையில பேரச் சொல்லிடுவோம்."

ஃபோனை வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "மாஸ்டர் சொன்னா வர்றேன்" என்றார் ஒருவர். இன்னொருவர் எடுக்கவில்லை. சேற்றில் நின்று அண்ணன் பாடினார் என்றேனே, அந்த அக்கா ஃபோனிலேயே அழுதார். "எங்கப்பாவுக்கு அவரு எப்பிடிப் பாடினாரு! ஆனா நாளைக்குப் பயிற்சிக்கு வரலேன்னா மேடையேத்த மாட்டேன்னு மாஸ்டர் சொல்லிட்டாருப்பா. மூணு மாசம் பாடியிருக்கேன். நான் என்ன செய்ய?"

ஃபோனை வைத்துவிட்டேன்.

மறுநாள் அடக்கத்துக்குக் கூட்டம் வந்தது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் ஷிஃப்டில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்து மாமிகூட, கல்லறை வாசல்வரை ஆட்டோவில் வந்து இறங்காமலே உட்கார்ந்திருந்தார். கோயில் உபதேசியார் வழக்கமான தமிழ்ப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். கிழவிகள் சேர்ந்து பாடினார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, யார் செத்தாலும் பாடுகிற பாட்டுதான். பெட்டியை இறக்கக் கயிற்றைப் பிடித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. கோயர் வராவிட்டால் என்ன, நான் ஒரு ஆள் கோயர்தானே என்று, அந்தக் கடைசிப் பாட்டை ஆரம்பித்தேன்.

பிள்ளைகளே, ஒன்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது பேஸ் மட்டும்தான். மெட்டு எனக்குத் தெரியாது. அத்தனை மாதம் அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறேன், ஆனால் தனியாக நின்று வாயைத் திறந்தால் பாட்டு வரவில்லை. ஒரே சுரம், நீளமாக. அப்புறம் ஒரு படி கீழே. மறுபடியும் அதே சுரம். மேலே யாராவது மெட்டுப் பாடினால்தான் அது பாட்டு. என் பக்கத்தில் அதே சுரத்தைப் பாட வேண்டிய ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

எங்கள் அத்தை என் முதுகில் கை வைத்தார். "அழுவுறதுன்னா வாய் விட்டு அழுடா தம்பி. ஏன் இப்பிடி முனகுற?"

யாரோ ஒரு சோடாவை உடைத்துக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். மயக்கம் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். நான் அதைக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் மண் போட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கச்சேரிக் கமிட்டியில் இருந்து ஒருவர் பேசினார். துக்கம் விசாரிக்க என்று நினைத்தேன். "அண்ணனோட கண்ணீர் அஞ்சலி போஸ்டர ஒட்டுன பசங்க நம்ம கச்சேரி போஸ்டர் மேலயே ஒட்டிட்டாங்கங்க. மார்க்கெட் பக்கம் பூரா நம்மளோடது மறைஞ்சு போச்சு. டிக்கெட் இன்னும் மிச்சம் இருக்கு. பசங்கள்ட்ட சொல்லி, தள்ளி ஒட்டச் சொல்ல முடியுமா?"

"அது ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கு. யாருக்கு வித்தியாசம் தெரியப்போவுது?" என்றேன். அவருக்கு நான் கிண்டல் பண்ணுகிறேனா இல்லையா என்று புரியவில்லை. சரிங்க, சரிங்க என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் மாஸ்டரே அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஒரு சாத்துக்குடிப் பையோடு வந்து, படத்தைக் கும்பிட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உங்கள் பெரியம்மா காப்பி கொடுத்தார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"பேஸ்ல ஒரு ஆளு குறைஞ்சா சமாளிச்சிரலாம்ணே. ரெண்டு குறைஞ்சா மொத்தமும் உக்காந்துரும். நீங்க வந்துருவீங்கள்ல?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் பெரியம்மா பேசினார். சத்தம் போட்டுப் பேசவில்லை. "அவரு போனதுக்கு வர முடியல. அவரு எடம் காலியானதுக்கு வந்திருக்கீங்க. நல்லதுங்க, காப்பி ஆறுது, குடிங்க."

மாஸ்டர் குடித்தார். கெட்ட ஆள் இல்லை அவர். வயலின்காரர்களுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று, தன் சொந்தக் காசு உள்ளே போயிருக்கிறது என்று வாசலில் என்னிடம் சொன்னார். எல்லாம் உண்மைதான். கெட்ட ஆளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. கோபப்பட்டு மறந்திருப்பேன்.

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பெரியம்மாதான் என்னை அனுப்பினார். "போயிட்டு வாங்க தம்பி. அவரு பேர மேடையில சொல்றேன்னாங்கள்ல. சொல்றாங்களான்னு கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

அதற்காகப் போனேன். உங்களையும் உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தீர்கள். மேடையில் அந்த ஐரோப்பியர் படம் இருந்தது, நான்தான் சட்டம் போட்டுக் கொடுத்தது. சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றி, படத்துக்குச் சந்தன மாலை போட்டார். மைக்கில் பேசியவர் மண்டபம் கொடுத்தவருக்கு நன்றி சொன்னார். நகைக்கடைக்கு, ஜவுளிக்கடைக்கு, சவுண்ட் சர்வீஸுக்கு, வயலின்காரர்களுக்குச் சாப்பாடு போட்ட ஹோட்டலுக்கு நன்றி சொன்னார். பிறகு குரலை இறக்கி, "சமீபத்தில் நம் குழு ஒரு பேஸ் குரலை இழந்தது. அதையும் இங்கே நினைவுகூர்கிறோம்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு பேஸ் குரல். ஒரு குடை தொலைந்துபோன மாதிரி. அந்தக் குரலுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இருந்தது. வீட்டுக்குப் போய் பெரியம்மாவிடம் நான் என்ன சொல்வது?

மாஸ்டர் கையைத் தூக்கினார். வயலின்கள் ஆரம்பித்தன. எங்கள் இடம் வந்தபோது மற்ற மூன்று பேரும் வாயைத் திறந்தார்கள். நான் திறக்கவில்லை. பாடப் போவதில்லை என்று திட்டம் போட்டு வரவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். பிறகு, வர வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரைக்கும் நிமிர்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். மொத்தமும் உட்கார்ந்துவிடும் என்றாரே, உட்காரவில்லை. சென்னைக்காரர் ஒருவர் பெரிய வயலினில் எங்கள் சுரத்தை இழுத்துக்கொண்டே இருந்தார். பாட்டு அது பாட்டுக்குப் போனது. அழகாகவும் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மெட்டை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மாஸ்டர் கண்ணீரோடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பேஸ் இன்னிக்குத் தூண் மாதிரி நின்னுச்சுண்ணே! மறக்க மாட்டேன்."

பஸ்ஸில், இளைய பிள்ளை நீ, என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, உங்க குரல் எனக்குத் தனியாக் கேட்டுச்சு" என்றாய். சின்னப் பிள்ளை, சந்தோஷமாகச் சொன்னாய். உங்கள் அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குக் கிரைண்டர் ஓடுகிறதா இல்லையா என்று எப்போதும் தெரியும்.

பெரியம்மாவிடம் மறைக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். "பேரு?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அண்ணனின் முப்பதாம் நாள் பூசைக்குக் கோயர் வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல், கச்சேரிக்குத் தைத்த வெள்ளைச் சட்டையும் நீலப் புடவையுமாக. நான் எதிர்பார்க்கவில்லை. மழையில் அப்பாவை அடக்கம் பண்ணிய அந்த அக்கா முன்னால் வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்தார்.

"அன்னிக்கி விட்டுட்டோம். இன்னிக்கி முழுசாப் பாடறோங்க்கா. நாலு குரலும் இருக்கு."

பெரியம்மா கையை உதறவில்லை. அவர்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"வந்தது சந்தோஷம்மா. உக்காந்து பூசை பாருங்க. பாட வேணாம்."

"அக்கா, ஒரு பாட்டாவது..."

"வேணாம்மா."

மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லி மாற்றுவேன் என்று. நான் பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அன்று பூசையில் பாட்டே இல்லை. ஃபாதர் உள்ளே வரும்போது பாட்டு இல்லை. காணிக்கைக்கு இல்லை, நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும்போதும் இல்லை. பாட வேண்டிய இடம் வரும்போதெல்லாம் மின்விசிறி சத்தம்தான். வந்திருந்தவர்கள் திரும்பித் திரும்பிக் கோயரைப் பார்த்தார்கள். அத்தனை பேர் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, பாடத் தெரிந்தும், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் மட்டும் அண்ணன் பேரைச் சொல்லி, இவருக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டும் என்று மன்றாடினார். பேரை மைக்கில் தெளிவாகச் சொன்னார். பெரியம்மா அந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நான் கோயருக்குப் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.